ஆடுவதால் மகள் பேசுவாளா?

கேள்வி:

அம்மா, வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருந்தவர்கள். சென்ற ஆண்டு லயத்து வீட்டை விட்டுவிட்டுப் பட்டணத்தை ஒட்டிய தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தோம். கணவர் லோரி ஓட்டுகிறார். நான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறேன். மகள் தமிழ்ப்பள்ளியை முடித்து இவ்வாண்டு இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 படிக்கிறாள். முன்பு வாய் ஓயாமல் பேசியவள் இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரவானால் வயிற்று வலி என்கிறாள். கிளினிக்கில் இரண்டு முறை காட்டியும் ஒன்றும் இல்லை என்றார்கள். தம்பியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறாள்.

ஈப்போவிலிருந்து ஒரு நடன ஆசிரியை சனிக்கிழமைதோறும் எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்துக்கு வந்து பரதம் சொல்லித் தருகிறார். மாதம் 60 வெள்ளி. என் மாமியார் அவளை அதில் சேர்த்துவிட்டார். இரண்டு மாதமாகப் போகிறாள். அந்தப் பணத்துக்கு டியூஷன் வைக்கலாம், ஆட்டம் ஆடி என்ன ஆகப்போகிறது என்கிறார் கணவர். நடனம் பிள்ளைகளின் மனத்துக்கும் பிறரோடு பழகும் குணத்துக்கும் நல்லது என்கிறார்களே, அது உண்மையா? 10 வயது மகனும் தானும் போவேன் என்று அடம் பிடிக்கிறான், அவனை அனுப்பலாமா?

ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் மகளுக்கு இந்த வகுப்பால் நன்மை உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் பலரும் நினைப்பதுபோல், ஆண்டு இறுதியில் ஒப்பனையும் சலங்கையுமாக அவள் மேடையில் நிற்கப்போகும் பத்து நிமிடத்திலிருந்து அந்த நன்மை வருவதில்லை. மின்விசிறி சரியாகச் சுற்றாத மண்டபத்தில், வியர்வை வழிய ஒரே அடவை, அதாவது அடிப்படை ஆட்ட அசைவை, திரும்பத் திரும்பப் போடும் சனிக்கிழமைக் காலைகளில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. ஆகவே, நடனம் நல்லதா என்ற உங்கள் கேள்வியை, இந்த வகுப்பு என் மகளுக்கு என்ன தருகிறது என்ற கேள்வியாகச் சற்று மாற்றிக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த வயிற்று வலி. அது பொய்யன்று. ஒன்றும் இல்லை என்று கிளினிக்கில் சொன்னதற்கு, குடலில் நோய் இல்லை என்றுதான் பொருள். பிள்ளைக்கு வலி இல்லை என்று பொருளாகாது. மறுநாள் காலையில் போக வேண்டிய இடத்தை நினைத்து அவளுடைய உடம்பு முந்திய இரவே இறுகிக்கொள்கிறது. ஓராண்டுக்குள் அவள் எவ்வளவு விட்டு வந்திருக்கிறாள் என்பதை எண்ணிப் பாருங்கள். நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். பெற்றோர் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய்விட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தொடங்கி, லயத்து வாசல், திடல், கோயில் திருவிழா என்று பத்து வயதுக்குள் நூறு பேரோடு பழகிவிடுகிற வாழ்க்கை அது. வறுமையும் குடியும் அங்கே இருந்ததை நான் மறக்கவில்லை. இருந்தாலும், ஒருவரோடு எப்படிச் சண்டையிடுவது, பின் எப்படிச் சமாதானமாவது என்பதை யாரும் எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. உங்கள் மகளுக்கு அந்தச் சூழலும் கைவிட்டுப் போயிற்று; ஆறாண்டுகள் ஒரே வகுப்பில் இருந்த தோழிகளும் ஆளுக்கொரு பள்ளியாகப் பிரிந்துவிட்டார்கள்; பெரும்பாலான பாடங்கள் மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப்பள்ளியில், முகம் தெரியாதவர்கள் நடுவே, பருவ வயதின் குழப்பத்தையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இத்தனையும் ஒரே ஆண்டில் நேர்ந்தால் பெரியவர்களுக்கே வயிறு வலிக்கும்.

சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு உங்கள் வீட்டு நிலைக்கு மிகவும் நெருக்கமானது. 2013 இல் வெளியான அந்த ஆய்வில் 13 முதல் 18 வயது வரையுள்ள 112 பெண் பிள்ளைகள் பங்கேற்றார்கள். தலைவலி, வயிற்று வலி, சோர்வு, மனவாட்டம் என்று பள்ளித் தாதியிடம் அடிக்கடி போய் நின்றவர்கள் அவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 75 நிமிடம், எட்டு மாதங்கள் நடன வகுப்புக்குப் போனார்கள், மற்றவர்கள் போகவில்லை. தங்கள் நலம் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே தந்த மதிப்பீடு, ஆடியவர்களிடம் நன்றாக உயர்ந்திருந்தது. வகுப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கேட்டபோதும் அந்த வேறுபாடு நீடித்தது. இந்த ஆய்வில் என் கவனத்தை ஈர்த்தது அந்த வகுப்பு நடத்தப்பட்ட முறை. திறமையைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியைப் பிள்ளைகளுக்கு அவர்கள் வைக்கவில்லை; ஆடுவதில் உள்ள மகிழ்ச்சிக்கே முதலிடம் கொடுத்தார்கள்; எந்தப் பாட்டுக்கு ஆடுவது என்பதிலும் பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டார்கள். நம் ஊர் வகுப்புகளில் இந்த மூன்றும் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பதைப் பிறகு பார்ப்போம்.

பரதத்தில் பிள்ளை முதலில் கற்பது தட்டடவு. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியில் அமர்ந்து, தெய்யா தெய் என்ற சொல்லுக்குக் காலை மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். அதையே முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். பார்ப்பவர்களுக்கு இது அலுப்பூட்டும். தம்பியின்மேல் எரிந்து விழும் ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சியை என் ஆலோசனை அறையில் உட்கார வைத்து என்னால் கொடுக்க முடியாது என்றுதான் சொல்வேன். தொடை எரியும்போது எழுந்துவிடாமல் இருப்பதும், வேகம் கூடும்போது பதறிக்கொண்டு தாளத்தை முந்தாமல் இருப்பதும், கால் தவறிப்போனால் அங்கேயே அழுது நின்றுவிடாமல் அடுத்த தட்டில் வந்து சேர்ந்துகொள்வதும் உடம்பின் வழியாக மனம் பெறுகிற பயிற்சிதான். கோபத்தை அடக்கு என்று நாம் வாயால் சொன்னால், எதைப் பிடித்து அடக்குவது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. காலும் மூச்சும் தாளமும் என்றால் பிடிப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அதே மண்டபத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு வகுப்புக்குள் ஆசிரியை இருபது முறையாவது 'மறுபடியும்' என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல் உங்கள் மகளுக்கு மட்டும் உரியதன்று. முன்வரிசையில் ஐந்தாண்டுகளாக ஆடும் அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பவும் அரைமண்டியில் அமர்கிறாள். பள்ளியில் வாசிக்கும்போது மலாய்ச் சொல் ஒன்று நாக்கில் புரண்டுவிட்டால் பின்வரிசையில் யாரோ சிரிக்கக்கூடும். தவறு செய்வதற்கு அஞ்சியே வாயைத் திறக்காமல் இருந்துவிடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் தவறு செய்து, எல்லாரும் திருத்தப்படுகிற ஓர் இடத்தில் வாரம் ஒருமுறை நின்று வருவது அந்த அச்சத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகிறது.

பிறரோடு பழகும் திறனுக்கு நான் பரதத்தைவிடக் கோலாட்டத்தையே முதலில் எடுத்துக்காட்டுவேன். அதிலும் பின்னல் கோலாட்டத்தை. உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட வண்ணக் கயிறுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒருவர் உள்ளேயும் அடுத்தவர் வெளியேயுமாக மாறி மாறிச் சுற்றினால் கயிறு சடைபோல் பின்னிக்கொண்டே போகும். அதே அடியை எதிர்ப்புறமாக ஆடினால் பின்னல் அவிழும். ஒருத்தி உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போய்விட்டால் சிக்கு விழுந்துவிடும்; அது யாரால் விழுந்தது என்று தேடிக்கொண்டிருந்தால் ஆட்டம் நின்றுவிடும்; அத்தனை பேரும் சேர்ந்து பின்னோக்கி நடந்தால்தான் சிக்கு விடுபடும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அந்தச் சிக்கை விழ வைத்தவள் நானே. சாமி புறப்பாட்டுக்குக் காத்திருந்த கூட்டம், வேலையை மேற்பார்க்கும் தண்டலிலிருந்து கணக்கெழுதும் கிராணியார் வரை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் வாய் திறக்காமல் கண்ணால் சைகை காட்டிக்கொண்டு சுற்றுச் சுற்றாகப் பின்னால் போனோம். முந்திய வாரம் என்னோடு பேச்சை முறித்துக்கொண்டிருந்த ஒருத்தி, தன் கயிற்றை உயர்த்திப் பிடித்து, நான் குனிந்து போக வழிவிட்டாள். அதன்பின் நாங்கள் எப்போது பேசத் தொடங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. பேசாமல் இருந்ததையே இருவரும் மறந்துவிட்டோம்.

எங்கள் ஆலோசனைத் துறையில் இவற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம். தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறர் நிலையை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல் என்று ஐந்தாகப் பிரித்து, பட்டறை நடத்தி, வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஒரே தாளத்தில் அசைபவர்களுக்குள் நெருக்கம் உண்டாவதை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டு மராஜோ தீவில் 264 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2015 இல் வெளியானது. ஒரே நேரத்தில் ஒரே அசைவை ஆடியவர்கள், ஆளுக்கொரு விதமாக ஆடியவர்களைக் காட்டிலும், உடன் ஆடியவர்களிடம் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். அவர்களுடைய வலி தாங்கும் அளவும் கூடியிருந்தது. உடம்பு களைக்க ஆடியதற்கும் இதே விளைவு தனியாகக் காணப்பட்டது. உங்கள் கணவர் 'ஆட்டம்' என்று சொல்லும்போது கைப்பேசியில் பார்க்கும் டிக்டாக் ஆட்டம் அவர் மனத்தில் இருக்கக்கூடும். அதை நான் பழிக்க மாட்டேன். இரண்டு தோழிகள் சேர்ந்து ஒன்றைப் பழகி எடுத்தால் அதுவும் கூடிச் செய்யும் வேலைதான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் முகத்தைத் தானே பார்த்தபடி ஆடி, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் நான் மேலே சொன்ன எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவளின் அடிக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே அங்கே எழுவதில்லை.

இனி, நீங்கள் உள்ளபடியே கேட்க விரும்பிய கேள்விக்கு வருகிறேன்: அவள் மறுபடியும் பேசுவாளா? பதின்மூன்று வயதுப் பிள்ளை 'ஒன்றுமில்லை' என்று சொல்வது பல நேரங்களில் மறைப்பதற்காக அன்று. உள்ளே கிடப்பதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாததால்தான். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகள் எட்டைத் தொல்காப்பியம் சொல்கிறது. மெய்ப்பாடு என்ற சொல்லிலேயே உடம்பு இருப்பதைக் கவனியுங்கள். உள்ளத்தில் இருப்பது மெய்யில் வெளிப்படுவதால் அந்தப் பெயர். ஒவ்வொரு மெய்ப்பாடும் எவற்றிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகவும் அது பிரித்துக் காட்டுகிறது. அழுகைக்கு அது தரும் நான்கும் இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஏன் அழுகிறாய் என்று நான் கேட்டால் பிள்ளைகளிடமிருந்து பதில் வராது. யாராவது உன்னை மட்டமாகப் பேசினார்களா, உன்னிடம் இருந்த ஏதாவது போய்விட்டதா, முன்பு இருந்த நிலைமை மாறிவிட்டதா, மற்றவர்களிடம் இருப்பது உன்னிடம் இல்லை என்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஏதோ ஒன்றுக்குத் தலை அசைகிறது. இந்த நான்கு கேள்விகளையும் எந்தப் பயிற்சிக் கையேட்டிலிருந்தும் நான் எடுக்கவில்லை.

அபிநயம் கற்கும் பிள்ளை இந்த எட்டையும் கண்ணாலும் புருவத்தாலும் கழுத்தாலும் கற்கிறாள். வீட்டில் அவள் கோபப்பட்டால் வாயாடி என்கிறோம். மகிடனை எதிர்த்து நிற்கும் துர்க்கையாக அதே கோபத்தை உடம்பு முழுவதும் காட்டினால் ஆசிரியை 'இன்னும், இன்னும்' என்கிறார். கோபம் தன்னிடம் இருக்கலாம், அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு, முடிந்ததும் முகத்தை இயல்புக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதை அவள் அப்படித்தான் அறிகிறாள். தனி ஆட்டத்தில் ஒருத்தியே வேடம் மாற்றாமல் எல்லாப் பாத்திரமாகவும் மாற வேண்டும். வெண்ணெயைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் கண்ணனும் அவளே, மறு நொடியில் திரும்பி இடுப்பில் கைவைத்து அதட்டும் யசோதையும் அவளே. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, யசோதையை ஆடிப் பழகிய வாரத்தில், "அம்மா திட்டுறப்ப அவங்களுக்கும் உள்ளுக்குள்ள பயமா இருக்கும்போல" என்றாள். ஆறு மாதமாக நான் சொல்லிப் புரிய வைக்க முயன்றது அதுதான். உங்கள் மகள் இந்தக் கட்டத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதத்தில் தட்டடவைத் தாண்டியிருக்கவே மாட்டாள். ஆனாலும் மூத்த மாணவிகள் ஆடுவதைத் தூண் ஓரம் உட்கார்ந்து பார்ப்பதும் கற்றல்தான்.

அவளுடைய இடைநிலைப்பள்ளியில் பண்பாட்டு நடனக் குழு இருந்தால் அதிலும் சேரச் சொல்லுங்கள். இனாங், ஜோகெட், ஸாபின் என்ற மலாய் நடனங்களில் எதுவாக இருந்தாலும் சரி. ஜோகெட்டில் இணையாக ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் தொடுவதில்லை. எதிரில் இருப்பவரின் அடியைப் பார்த்தே தங்கள் அடியை வைக்க வேண்டும். நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் மலாயில் பேசக் கூசுகிற பிள்ளை, 'கிரி' (இடம்), 'கானான்' (வலம்) என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் முழுவதும் ஒரு மலாய்த் தோழியின் பக்கத்தில் நின்றுவிட முடியும். வகுப்பறையில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொருளும் கிடைத்துவிடுகிறது. புறப்பாட நடவடிக்கையில் புள்ளி கிடைப்பது உங்கள் கணவருக்குச் சொல்ல உதவும்.

இதெல்லாம் நல்ல வகுப்புக்குத்தான் பொருந்தும். ஷிப்டு இல்லாத ஒரு சனிக்கிழமையில் நீங்களே மண்டபத்தின் பின்புறம் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மகளின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டாம். தவறு செய்த பிள்ளையிடம் ஆசிரியை எந்தக் குரலில் பேசுகிறார் என்பதைக் கேளுங்கள். உடல் பருமனைச் சொல்லியோ நிறத்தைச் சொல்லியோ ஒரு சொல் வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். சிவந்த பிள்ளைகளை முன்வரிசையிலும் கறுத்த பிள்ளைகளைப் பின்வரிசையிலும் நிறுத்தும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்துவிடவில்லை; அப்படி நிறுத்தப்படும் பிள்ளை சனிக்கிழமைதோறும் கற்றுக்கொண்டு வருவது தாழ்வு மனத்தைத்தான். ஆசிரியை தாளம் போடும் தட்டுக்கழி பலகையில் விழ வேண்டியது. பிள்ளையின் காலில் விழுந்தால் அந்த வகுப்பு வேண்டாம். நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா, மண்டபக் கதவு திறந்திருக்கிறதா, பிள்ளைகள் ஆடுவதை யார் யார் படம் பிடிக்கிறார்கள், அது எங்கே போகிறது என்பவற்றையும் தயங்காமல் கேளுங்கள். பொறுப்புள்ள ஆசிரியை இந்தக் கேள்விகளால் புண்பட மாட்டார். தண்ணீர் குடிக்க விடும் ஐந்து நிமிடத்தில் உங்கள் மகள் யாரோடாவது நிற்கிறாளா என்பதையும் பாருங்கள். எனக்கு அந்த ஐந்து நிமிடம் அடவைவிட முக்கியமானது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 வெள்ளி உங்களுக்குச் சிறிய தொகையன்று என்பது எனக்குத் தெரியும். அதைவிட நான் அஞ்சுவது பின்னால் வரக்கூடிய செலவை. சலங்கை பூசை, போட்டி, உடை வாடகை, ஒப்பனை, கடைசியில் அரங்கேற்றம் என்று அது வளர்ந்துகொண்டே போகும். கடன் வாங்கி அரங்கேற்றம் செய்த குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் கடனையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் அந்தப் பிள்ளைகள் ஆடினார்கள், சிலர் மறுநாளே சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இவற்றில் எதுவும் கட்டாயமா என்று இப்போதே ஆசிரியையிடம் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். மேடையேறாமலே பல ஆண்டுகள் ஆடலாம். சுவீடன் பிள்ளைகளுக்குப் பயன் தந்தது திறமையைக் காட்டும் நெருக்கடி இல்லாத வகுப்புதான்.

நடனத்தால் ஆகாதவையும் உண்டு. நடன அசைவுச் சிகிச்சை என்று தனித்துறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் 1942 இல் வாஷிங்டனின் செயிண்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் மனநோயாளிகளோடு தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது அது. அதைச் செய்பவர்கள் மனநலத்திலும் பயிற்சி பெற்றவர்கள். கோயில் மண்டபத்து ஆசிரியையிடம் அதை எதிர்பார்ப்பது அவருக்கு நியாயமாகாது. எனவே, பள்ளியில் அவளை யாராவது பகடிவதை செய்கிறார்களா என்று நீங்கள் நேராகவே கேட்க வேண்டும். பதில் தெளிவாக இல்லையென்றால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், கட்டொழுங்கு ஆசிரியரிடம் முதலில் போக வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து இரண்டு வாரம் கெட்டாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ, கையில் கீறல் தென்பட்டாலோ, இருந்து என்ன பயன் என்பதுபோல் பேசினாலோ சனிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்த நேரத்திலும் பேசக்கூடிய தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் எண் 15999.

கணவரோடு வாதாட வேண்டாம். அவர் சொல்வதில் பாதி அச்சம். தான் படிக்க முடியாததை மகளாவது படித்துவிட வேண்டும் என்று லோரி ஓட்டும் ஒரு தகப்பன் நினைப்பதில் தவறு என்ன இருக்கிறது? கணக்குக்கு டியூஷன் தேவையென்றால் வார நாளில் ஒன்றை வையுங்கள். சனிக்கிழமையை மட்டும் விட்டுவிடும்படி கேளுங்கள். முடிந்தால் வகுப்பு விட்டதும் அவரையே போய் அவளை ஏற்றி வரச் சொல்லுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் பேசாத பிள்ளைகள், பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு போகும்போது பேசிவிடுவார்கள். என்ன கற்றுக்கொண்டாய் என்று அவர் கேட்க வேண்டாம்; அது தேர்வுக் கேள்வி. இன்றைக்கு யார் பக்கத்தில் நின்றாய் என்று கேட்கட்டும். முதல் சில வாரங்கள் ஒரு பெயர் மட்டும் வரும். அது போதும்.

மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆண் பிள்ளை ஆடலாமா என்று யாராவது கேட்டால், இன்று நாம் காணும் பரதநாட்டியக் கச்சேரி முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்துத் தந்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் ஆண்கள் என்றும், ஸாபின் ஆட்டத்தை முற்காலத்தில் ஆண்களே ஆடினார்கள் என்றும் சொல்லுங்கள். நம் நாட்டிலேயே 1983 இல் சூத்ரா நடனக் குழுவை நிறுவிய ரம்லி இப்ராஹிம், பரதத்திலும் ஒடிசியிலும் பெற்ற தேர்ச்சிக்காக 2018 இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றவர். ஆகவே அனுப்புவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் அக்காவின் வகுப்பில் இப்போது சேர்க்க வேண்டாம். ஆறு மாதமாவது போகட்டும். நீங்கள் ஷிப்டுக்குப் போன நேரமெல்லாம் தம்பிக்குச் சோறு போட்டு, புத்தகத்தை எடுத்து வைத்து, அவன் அழாமல் பார்த்துக்கொள்பவள் அவளாகத்தான் இருப்பாள். யாருக்கும் அக்காவாக இருக்க வேண்டாத ஒரே இடம் அந்த மண்டபம். மகனுக்கு வேறு நேரத்தில் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். சிலம்பமோ தப்பு மேளமோ உறுமி மேளமோ பக்கத்தில் யாராவது கற்றுத் தந்தால் அதுவும் அவனுக்குப் பிடிக்கலாம். அதுவரை, ஒருநாள் மாலையில் அவளே அவனைக் கூப்பிட்டு அரைமண்டியில் உட்கார வைத்துத் தெய்யா தெய் சொல்லத் தொடங்கினால், நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கூடத்து மேசையை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்துவிடுங்கள்.